மூச்சை ஜெபமாக்கிய மகான்

அரச சபை கூடியிருக்கிறது. சக்கரவர்த்தி முக்கியமான ஒரு விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கிறார். பிரபுக்களும் மந்திரிகளும் கவனமாகக் கேட்கிறார்கள். ஒரே ஒருவர் மட்டும் கேட்கவில்லை. அவர் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். மனம் வேறெங்கோ இருக்கிறது. சக்கரவர்த்தி அவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறார். பதில் இல்லை.

சபை நடுங்குகிறது. ஆனால் சக்கரவர்த்திக்குக் கோபம் வரவில்லை. அந்த மனிதர் உள்ளுக்குள் ஜெபம் செய்துகொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். அவரைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட்டு, மற்றவர்களிடம் பேச்சைத் தொடருகிறார்.

இது நடந்த இடம் கான்ஸ்டான்டிநோபிள். இன்று இஸ்தான்புல் என்று அழைக்கப்படும் நகரம் அது. சக்கரவர்த்தியின் பெயர் இரண்டாம் அந்திரோனிகஸ். சபையில் மெய்மறந்து உட்கார்ந்திருந்த பிரபுவின் பெயர் கான்ஸ்டன்டைன். அவருக்கு 1296-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு மகன் பிறந்தான். அந்த மகன்தான் பிற்காலத்தில் கிரெகரி பாலமாஸ் என்று பெயர் பெற்ற மகான். மூச்சு விடுவதைக்கூட ஜெபமாக மாற்றலாம் என்று சொன்ன எளிய துறவிகளுக்காக வாதாடியவர் அவர். பிறகு எழுந்த பெரும் சச்சரவில் அவர் சிறைக்கும் போனார். சாகும்வரை தம் கொள்கையிலிருந்து அவர் மாறவே இல்லை.

அரண்மனைப் பிள்ளை

கிரெகரிக்கு ஏழு வயது இருக்கும்போது தகப்பனார் இறந்துவிட்டார். மரணப் படுக்கையில் அவர் துறவி உடை அணிந்து கண் மூடினார். விதவையான தாய், தம்பிமார் இருவர், தங்கைமார் இருவர். குடும்பத்தில் மூத்த பிள்ளை கிரெகரி.

சக்கரவர்த்தி அந்தக் குடும்பத்தைக் கைவிடவில்லை. பையனை அரண்மனையின் ஆதரவில் வளர்த்தார். நாட்டிலேயே சிறந்த அறிஞரான தியோடர் மெட்டோகைட்டஸ் அவனுக்கு ஆசிரியரானார். இலக்கணம், பேச்சுக் கலை, தர்க்கம் எல்லாம் அவன் கற்றான். அரிஸ்டாட்டிலின் நூல்களில் அவன் பெற்றிருந்த தேர்ச்சியைக் கண்டு ஆசிரியரே வியந்தாராம். அரிஸ்டாட்டில் உயிரோடிருந்து கேட்டிருந்தால் அவரும் பாராட்டியிருப்பார் என்று சக்கரவர்த்தியின் முன்னிலையிலேயே அவர் புகழ்ந்ததாகச் சொல்வார்கள்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு என்ன குறை? பெரிய பதவி காத்திருந்தது. பணமும் மாளிகையும் காத்திருந்தன. ஆனால் பையனின் மனம் தகப்பனாரைப் போலவே உள்ளே திரும்பியிருந்தது. தலைநகரத்துக்கு வந்து போகும் துறவிகளைத் தேடிப் போனான். உணவைக் குறைத்தான். தூக்கத்தைக் குறைத்தான். 20 வயது ஆனதும் தன் முடிவைச் சொன்னான். துறவியாகப் போகிறேன் என்றான்.

சக்கரவர்த்தி தடுத்துப் பார்த்தார். பதவி தருவதாக ஆசை காட்டினார். பலிக்கவில்லை.

மலைக்குப் போன குடும்பம்

ஒரு பிள்ளை துறவியானால் வீடே அழும். இந்த வீட்டில் நடந்தது வேறு. கிரெகரி தாயிடமும் தங்கைகளிடமும் தம்பிகளிடமும் பேசினார். முடிவில் குடும்பம் முழுவதுமே துறவறம் பூணச் சம்மதித்தது! தாயும் தங்கைகளும் தலைநகரத்திலேயே கன்னியர் மடத்தில் சேர்ந்தார்கள். இரண்டு தம்பிகளையும் அழைத்துக்கொண்டு கிரெகரி ஆதோஸ் மலைக்குப் புறப்பட்டார்.

ஆதோஸ் மலை கிரேக்க நாட்டின் வடக்கே, கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு நிலத்துண்டின் முனையில் இருக்கிறது. மலையின் உச்சி 2,000 மீட்டருக்கும் அதிக உயரம். சுற்றிலும் நீலக் கடல். சரிவெல்லாம் காடு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் துறவிகளே வாழும் இடம் அது. பெண்களுக்கு அங்கே அனுமதி இல்லை. இன்றும் அந்த வழக்கம் மாறவில்லை. 20 பெரிய மடங்கள் இன்றும் அங்கே இயங்குகின்றன.

வாட்டோபேடி என்ற மடத்தின் அருகே நிக்கோதேமோஸ் என்ற முதிய துறவியிடம் கிரெகரி சீடராகச் சேர்ந்தார். இரவும் பகலும் அவருடைய வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான். தம் உள்ளத்து இருளை நீக்கி ஒளி தரும்படி ஆண்டவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார். குரு இறந்த பிறகு மகா லாவ்ரா என்ற புகழ் பெற்ற மடத்துக்குப் போனார். அரண்மனையில் பரிமாறக் கேட்டுச் சாப்பிட்ட பிள்ளை, அந்த மடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மற்றவர்களுக்குப் பரிமாறினார். கோயிலில் பாடும் வேலையையும் செய்தார்.

அதற்குப் பிறகுதான், தனிமையில் வாழும் துறவிகள் பழகிவந்த ஒரு ஜெப முறையில் அவர் முழுமையாக ஈடுபட்டார்.

மூச்சும் பெயரும்

அது என்ன முறை?

மனிதன் ஜெபம் செய்ய உட்காருகிறான். வாய் ஜெபத்தைச் சொல்லுகிறது. மனம் எங்கே போகிறது? கடைத்தெருவுக்குப் போகிறது. நேற்று நடந்த சண்டைக்குப் போகிறது. நாளை கொடுக்க வேண்டிய கடனுக்குப் போகிறது. இது எல்லோருக்கும் உள்ள கஷ்டம். காட்டில் வாழும் துறவிக்கும் உண்டு. வீட்டில் வாழும் நமக்கும் உண்டு.

அலையும் மனத்தை எப்படி வீட்டுக்குக் கொண்டு வருவது? ஆதோஸ் மலைத் துறவிகள் ஒரு வழி சொன்னார்கள். மனத்தை மூச்சோடு சேர்த்துக் கட்டு என்பதே அந்த வழி.

துறவி தன் அறையில் ஒரு மூலையில் தாழ்வான ஆசனத்தில் உட்காருவார். தலையைக் குனிந்து பார்வையை மார்பின் பக்கம் திருப்புவார். மூச்சை அவசரமில்லாமல், சற்று நிதானமாக விடுவார். மூக்கு வழியாக உள்ளே போகும் காற்றோடு மனத்தையும் உள்ளே அனுப்புவார். அது இருதயத்தில் போய் நிற்கும். அங்கே நின்றதும் சின்னஞ்சிறு ஜெபம் ஒன்றைச் சொல்வார். இயேசு கிறிஸ்துவின் பெயரைச் சொல்லி, தேவகுமாரன் என்று அழைத்து, தம்மீது இரக்கம் வைக்கும்படி கேட்கும் ஜெபம் அது. ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். மறுபடியும் மூச்சு, மறுபடியும் அதே பெயர். இப்படி நூறு தடவை, ஆயிரம் தடவை. நாளாக ஆக, நாக்கு நின்று போகும். இருதயம் தானே அந்த ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

13-ஆம் நூற்றாண்டில் நிகிபோரஸ் என்ற துறவி இந்த முறையைத் தெளிவாக எழுதி வைத்தார். அவர் இத்தாலியில் பிறந்து ஆதோஸ் மலையில் வந்து வாழ்ந்தவர். நெடுநாள் வெளியூரில் இருந்தவன் வீடு திரும்பி மனைவி மக்களைப் பார்த்தால் எப்படி மகிழ்வானோ, அப்படியே மனமும் இருதயத்துக்குள் வந்து சேரும்போது மகிழும் என்று அவர் விளக்கினார். சினாய் கிரெகரி என்ற மற்றொரு துறவியும் இதே வழியை ஆதோஸ் மலையில் பலருக்குக் கற்றுக் கொடுத்தார்.

மூச்சுக்கு என்று தனியாக ஒரு மந்திர சக்தி இருப்பதாக அவர்கள் சொல்லவில்லை. மூச்சு ஒரு கயிறு. மனம் ஒரு கன்று. கன்று துள்ளி ஓடாமல் இருக்கக் கயிறு வேண்டும். பால் கொடுப்பது கயிறு அல்ல. அருள் தருகிறவர் ஆண்டவரே. அனுபவம் உள்ள ஒரு குரு பக்கத்தில் இருந்து சொல்லித் தரவேண்டும் என்பதையும் அவர்கள் வற்புறுத்தினார்கள்.

இந்தத் துறவிகளுக்கு ஹெசிகாஸ்தர் என்று பெயர். ஹெசிகியா என்றால் கிரேக்க மொழியில் அமைதி. அமைதியை நாடுகிறவர்கள் என்பது அந்தப் பெயரின் பொருள்.

ஜெபம் யாருக்கு?

1325-ஆம் ஆண்டு வாக்கில் துருக்கியக் கடற்கொள்ளையர்கள் ஆதோஸ் கரையைத் தாக்கினார்கள். மடத்துக்கு வெளியே தனிமையில் இருந்தவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. கிரெகரியும் நண்பர்களும் தெசலோனிக்கா நகரத்துக்கு வந்தார்கள். அங்கே கிரெகரி குருப்பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 30. பிறகு வெரியா என்ற ஊருக்கு அருகே மலையில் குடில் போட்டுத் தங்கினார்.

அங்கே அவருடைய வாழ்க்கை கடிகாரம் போல் ஒழுங்காக நடந்தது. வாரத்தில் ஐந்து நாள் அறையை விட்டு வெளியே வரமாட்டார். யாரிடமும் பேசமாட்டார். சனியும் ஞாயிறும் வெளியே வருவார். கோயில் வழிபாட்டில் கலந்துகொள்வார். மற்றத் துறவிகளோடு உட்கார்ந்து பேசுவார்.

இந்தக் காலத்தில் தாய் இறந்த செய்தி வந்தது. கிரெகரி தலைநகரத்துக்குப் போய்த் தங்கைகளுக்கு ஆறுதல் சொன்னார். தனியே விட மனமில்லாமல் அவர்களை அழைத்து வந்து வெரியாவில் இருந்த ஒரு கன்னியர் மடத்தில் சேர்த்தார்.

வெரியாவில் நடந்ததாக ஒரு சம்பவத்தைச் சொல்வார்கள். இடைவிடாமல் ஜெபம் செய்வது துறவிகளுக்கு மட்டும் உரியதல்ல என்று கிரெகரி ஒரு நாள் சொன்னார். ஆண், பெண், குழந்தை, படித்தவர், படியாதவர் எல்லோருக்கும் அது உரியது என்றார். பக்கத்துக் குடிலில் இருந்த யோபு என்ற முதியவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஏர் உழுகிறவனும் பிள்ளை வளர்க்கிறவளும் எப்படி ஓயாமல் ஜெபம் செய்ய முடியும் என்பது அவர் எண்ணம். கிரெகரி மேலே வாதாடவில்லை. எழுந்து தம் குடிலுக்குப் போய்விட்டார். அன்று யோபு ஜெபத்தில் இருக்கும்போது ஒரு தேவதூதர் தோன்றி, கிரெகரி சொன்னதே சரி என்று உணர்த்தினாராம். முதியவர் ஓடி வந்து கிரெகரியிடம் மன்னிப்புக் கேட்டார்.

இந்தக் கதையை எழுதி வைத்தவர் கிரெகரியின் நண்பரான பிலோத்தேயோஸ். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் அவரே. தேவதூதர் வந்தாரா என்பது நம்பிக்கையைச் சேர்ந்த விஷயம். ஆனால் இந்தக் கதையில் கிரெகரியின் உள்ளம் தெரிகிறது. நெல் குத்தும் பெண்ணுக்கும் மூச்சு உண்டு. மூட்டை தூக்கும் மனிதனுக்கும் மூச்சு உண்டு. மூச்சு இருக்கும் இடத்தில் ஜெபமும் இருக்க முடியும் அல்லவா?

பண்டிதரின் கேலி

1331-ல் கிரெகரி ஆதோஸ் மலைக்குத் திரும்பினார். சில ஆண்டுகள் அமைதியாகக் கழிந்தன. பிறகு புயல் அடித்தது.

இத்தாலியின் தென்பகுதியான கலாப்ரியாவிலிருந்து பர்லாம் என்ற ஒரு துறவி கான்ஸ்டான்டிநோபிளுக்கு வந்திருந்தார். அவர் பெரிய படிப்பாளி. தத்துவம் தெரியும். வானசாஸ்திரம் தெரியும். அரண்மனையில் அவருக்கு நல்ல செல்வாக்கு. சக்கரவர்த்தியின் தூதராகப் போப்பாண்டவரைப் பார்க்கவே அனுப்பப்பட்டவர் அவர். தாம் கற்ற தர்க்கத்தில் அவருக்கு அளவற்ற நம்பிக்கை இருந்தது.

எளிய துறவிகள் சிலரைச் சந்தித்து அவர்களுடைய ஜெப முறையைப் பர்லாம் விசாரித்தார். தலை குனிந்து உட்கார்ந்து, மூச்சைக் கவனித்து ஜெபம் செய்கிறோம் என்று அவர்கள் உள்ளதைச் சொன்னார்கள். ஜெபத்தில் ஆழ்ந்திருக்கும்போது தெய்வீக ஒளியைக் காண்பதுண்டு என்றும் சொன்னார்கள். தாபோர் மலையில் இயேசு ஒளிமயமாகக் காட்சி தந்தபோது சீடர்கள் கண்டார்களே, அதே ஒளி என்றார்கள்.

பர்லாமுக்குச் சிரிப்பு வந்தது. கடவுளை யாரும் நேராக அறிய முடியாது, அறிவைக்கொண்டு ஊகிக்கத்தான் முடியும் என்பது அவர் கட்சி. மூக்காலும் மூச்சாலும் கடவுளைத் தேடுவதா? கண்ணுக்குத் தெரியும் ஒளி கடவுளுடையதா? அவர்களுக்குத் தொப்புளில் ஆத்துமாவை வைத்திருப்பவர்கள் என்று பட்டப் பெயர் சூட்டினார். கேலி செய்து எழுதினார். அவர்கள் கொள்கை திருச்சபைக்கு விரோதமானது என்று புகாரும் செய்தார்.

அந்தத் துறவிகளில் பலருக்குப் படிப்பு இல்லை. பர்லாமின் தர்க்கத்துக்குப் பதில் சொல்ல அவர்களுக்குத் தெரியாது. தங்களுக்காகப் பேசும்படி கிரெகரியை வேண்டிக்கொண்டார்கள்.

சிறு வயதில் அரிஸ்டாட்டிலைக் கரைத்துக் குடித்தவர் கிரெகரி. அந்தப் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் மலைக்கு வந்தார். இப்போது மூட்டையை அவிழ்க்க வேண்டி வந்தது. தமக்காக அல்ல, வாய் இல்லாதவர்களுக்காக.

உடம்பு பகையா?

கிரெகரி ஒன்பது நூல்களை எழுதினார். மூன்று மூன்றாகச் சேர்ந்த மூன்று தொகுதிகள் அவை. அவற்றில் அவர் சொன்ன செய்தி என்ன?

உடம்பு பகையல்ல என்பதுதான்.

உடம்பைச் சிறை என்றும், ஆத்துமா அதிலிருந்து தப்பி ஓடவேண்டும் என்றும் பழைய கிரேக்கத் தத்துவிகளில் சிலர் சொன்னார்கள். கிறிஸ்தவன் அப்படிச் சொல்லலாமா என்று கிரெகரி கேட்டார். உடம்பு பரிசுத்த ஆவி குடியிருக்கும் கோயில் என்று அப்போஸ்தலர் பவுல் கற்பித்திருக்கிறார். தேவகுமாரனே மனித உடம்பு எடுத்து வந்தார். அப்படியானால் ஜெபத்தில் உடம்புக்கு மட்டும் ஏன் இடமில்லை? வருந்தும்போது உடம்பு அழுகிறது. வணங்கும்போது உடம்பு மண்டியிடுகிறது. எலியா தீர்க்கதரிசி முழங்கால்களுக்கு நடுவே தலையை வைத்து ஜெபித்தார். அவரை யாராவது கேலி செய்தார்களா?

மூச்சைப் பற்றியும் அவர் நிதானமாகவே பேசினார். புதிதாக ஜெபம் பழகுகிறவனின் மனம் ஒரு நொடியில் நூறு இடம் பாயும். அவனுக்கு மூச்சைக் கவனிப்பது உதவும். தேர்ந்தவனுக்கு அந்த முயற்சியே தேவைப்படாது. எதையாவது ஆழ்ந்து சிந்திக்கும்போது மூச்சு தானாகவே அடங்கி மெதுவாகிவிடுகிறதே, அதை யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றார்.

கடவுளை அறிய முடியுமா என்ற கேள்விக்கும் பதில் சொன்னார். சூரியனை உவமையாகக் காட்டினார். சூரியனுக்குள் போய்ப் பார்க்க யாராலும் முடியாது. ஆனால் அதன் கதிர் நம்மேல் விழுகிறது, உடம்பு சூடாகிறது, கண் ஒளி பெறுகிறது. அந்தக் கதிர் சூரியனுடையதுதான். வேறு எங்கிருந்தோ வந்ததல்ல. அதுபோலக் கடவுளின் உள்ளியல்பு மனிதனுக்கு எட்டாது. அவருடைய அருட்செயல் எட்டும். அது மனிதனைத் தொடும், மாற்றும்.

வேடிக்கை என்னவென்றால், மூச்சு ஜெபத்தை எழுதி வைத்த நிகிபோரசும் இத்தாலியிலிருந்து வந்தவர். அதைக் கேலி செய்த பர்லாமும் இத்தாலியிலிருந்து வந்தவர். ஒருவர் குடிலில் உட்கார்ந்து பழகிப் பார்த்தார். மற்றவர் வெளியில் நின்று வாதாடினார்.

ஆதோஸ் மலைத் தலைவர்கள் கிரெகரியின் கொள்கைக்கு ஆதரவாக ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள்.

வெற்றியும் சிறையும்

1341 ஜூன் 10-ஆம் நாள். கான்ஸ்டான்டிநோபிளின் புகழ் பெற்ற ஹாகியா சோபியா ஆலயத்தில் திருச்சபையின் மன்றம் கூடியது. மூன்றாம் அந்திரோனிகஸ் சக்கரவர்த்தி தலைமை வகித்தார். இரண்டு பக்க வாதமும் கேட்டார்கள். கிரெகரியின் பக்கம் தீர்ப்பு ஆனது. பர்லாம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் விரைவிலேயே இத்தாலிக்குத் திரும்பிவிட்டார். மேற்குத் திருச்சபையில் சேர்ந்து ஆயரானார். புகழ் பெற்ற கவிஞர் பெட்ரார்க்குக்குக் கிரேக்க மொழி கற்பிக்க முயன்றவர் அவரே.

வழக்கு முடிந்தது என்று நினைத்தார்கள். ஐந்தே நாளில் எல்லாம் தலைகீழாயிற்று. ஜூன் 15-ஆம் நாள் சக்கரவர்த்தி இறந்தார். பட்டத்துக்கு உரிய மகனுக்கு 9 வயதுகூட நிறையவில்லை. யார் ஆட்சி நடத்துவது? ஒரு பக்கம் ராணி அன்னாவும், பிதாப்பிதா என்று அழைக்கப்பட்ட திருச்சபைத் தலைவர் யோவான் கலேகாசும். மறுபக்கம் தளபதி யோவான் காண்டகுசீனஸ். நாடு இரண்டுபட்டது. உள்நாட்டுப் போர் மூண்டது.

கிரெகரி சமாதானம் வேண்டும் என்றார். தளபதியை விரட்டியது தவறு என்றும் சொன்னார். பிதாப்பிதாவுக்கு அது பிடிக்கவில்லை. கிரெகரியின் பழைய நண்பர் அகிந்தினோஸ் இப்போது அவருக்கு எதிரியாகிப் புத்தகம் எழுதினார். 1343-ல் கிரெகரி சிறையில் அடைக்கப்பட்டார். 1344-ல் திருச்சபையிலிருந்தே விலக்கப்பட்டார்.

நினைத்துப் பாருங்கள். ஹாகியா சோபியாவில் வென்றவர் இப்போது கைதி. வழிபாட்டில் பங்கு கொள்ளவும் அவருக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் அவரிடமிருந்து யாராலும் பறிக்க முடியவில்லை. மூச்சு இருந்தது, அதோடு ஜெபமும் இருந்தது. சிறையில் இருந்தபடியே அவர் எழுதிக்கொண்டும் இருந்தார்.

1347 பிப்ரவரியில் காற்று திசை மாறியது. தளபதி தலைநகரத்தைப் பிடித்தார். பிதாப்பிதா பதவி இழந்தார். கிரெகரி விடுதலை பெற்றார். அதே ஆண்டில் தெசலோனிக்கா நகரத்தின் பேராயராக நியமிக்கப்பட்டார்.

கதவடைத்த நகரம்

நியமித்தார்களே தவிர, நகரத்துக்குள் போக முடியவில்லை. அங்கே தீவிரவாதிகள் என்று பெயர் பெற்ற ஒரு கட்சியார் ஆண்டுகொண்டிருந்தார்கள். புதிய சக்கரவர்த்தியை அவர்கள் ஏற்கவில்லை. அவர் ஆதரவு பெற்ற பேராயரையும் ஏற்கவில்லை. 1350 வரை கிரெகரி காத்திருந்தார். அந்தக் கட்சியின் ஆட்சி ஒடுங்கிய பிறகே கதவு திறந்தது.

உள்ளே நுழைந்தவர் பழி வாங்கினாரா? இல்லை. மூன்றாம் நாள் அவர் செய்த முதல் பிரசங்கமே ஒருவரோடொருவர் சமாதானமாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. ஏழைகளை நசுக்கும் பணக்காரர்களையும் வட்டி வாங்கிக் கொழுப்பவர்களையும் பிற்காலத்துப் பிரசங்கங்களில் அவர் கண்டித்தார். அவருடைய பிரசங்கங்கள் 60-க்கு மேல் இன்றும் கிடைக்கின்றன. மலையில் ஐந்து நாள் பேசாமல் இருந்தவர், மக்கள் கேட்க வரும்போது அவர்களுக்குப் புரியும்படி பேசினார்.

1351-ல் மற்றொரு மன்றம் கூடி அவருடைய கொள்கையை மீண்டும் உறுதி செய்தது.

துருக்கியரிடம் ஓராண்டு

சோதனை முடிந்ததா? இல்லை. 1354 மார்ச் மாதம் அவர் கப்பலில் தலைநகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் கலிப்போலி என்ற துறைமுகம். அங்கே சில நாட்களுக்கு முன் பெரிய பூகம்பம் ஏற்பட்டு மதில்கள் இடிந்திருந்தன. துருக்கியர் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். கடல் கொந்தளித்ததால் கப்பல் அந்தக் கரையில் ஒதுங்கியது. கிரெகரியும் கூட வந்தவர்களும் சிறைப்பட்டார்கள்.

ஓராண்டு காலம் அவரை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அங்கே அவர் கண்டதையெல்லாம் தம் மக்களுக்கு ஒரு கடிதத்தில் எழுதினார். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் கலந்து வாழ்வதைக் கண்டார். துருக்கியத் தலைவர் ஓர்கானின் பேரன் அவரோடு பேசினான். மத அறிஞர்களோடு வாதம் நடந்தது. ஒரு வாதம் முடிந்ததும் கேட்டவர்கள் மரியாதையோடு வணங்கிச் சென்றார்கள். ஒருவர் மட்டும் ஆத்திரத்தில் அவரை முகத்தில் தாக்கினார். உடனே மற்றவர்களே அந்த மனிதரைப் பிடித்து இழுத்துக் கண்டித்தார்கள்.

வேறோர் ஊரில் ஒரு முஸ்லிம் குருவோடு அமைதியாகப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் முடிவில், நாம் ஒத்துப்போகும் காலம் ஒன்று வரும் என்று அங்கிருந்தவர்களில் ஒருவர் சொன்னார். கிரெகரி அதை ஆமோதித்தார். அந்தக் காலம் சீக்கிரம் வரவேண்டும் என்று தாமும் விரும்பினார். கைதியாக நின்று சொன்ன வார்த்தை அது.

1355-ல் மீட்புப் பணம் கொடுக்கப்பட்டு அவர் விடுதலையானார்.

கடைசி மூச்சு

தெசலோனிக்காவுக்குத் திரும்பிய பேராயர் அதிக நாள் இருக்கவில்லை. உடம்பு நோயால் தளர்ந்திருந்தது. ஆனாலும் பிரசங்கம் செய்வதையும் மக்களைச் சந்திப்பதையும் நிறுத்தவில்லை. 1350-களின் இறுதியில், ஒரு நவம்பர் 14-ஆம் நாள் அவர் மூச்சு நின்றது. அப்போது அவர் 60 வயதைக் கடந்திருந்தார்.

1368-ல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அறிவித்த பிதாப்பிதா, அவருடைய வரலாற்றை எழுதிய அதே பிலோத்தேயோஸ்தான். தெசலோனிக்காவின் பேராலயம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய எலும்புகள் அங்கே வைத்துப் போற்றப்படுகின்றன. ஈஸ்டருக்கு முன்வரும் தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையைக் கீழ்த் திருச்சபையினர் அவர் நினைவாகக் கொண்டாடுகிறார்கள்.

அவர் காத்த ஜெபமும் சாகவில்லை. 1782-ல் வெனிஸ் நகரத்தில் பிலோகாலியா என்ற பெரிய தொகை நூல் அச்சாகியது. நிகிபோரசின் சிறு நூலும் கிரெகரியின் எழுத்துக்களும் அதில் இடம் பெற்றன. அது ஸ்லாவிய மொழியில் பெயர்க்கப்பட்டு ருஷியாவுக்குப் போயிற்று. தோளில் பையும் கையில் கோலுமாக நடந்து திரிந்த ருஷிய யாத்திரிகர்கள் மூச்சோடு இயேசுவின் பெயரைச் சேர்த்துச் சொன்னார்கள். மேற்குத் திருச்சபையிலும் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், 1548-ல் அச்சான தம் தியான நூலில், ஒரு மூச்சுக்கு ஒரு சொல்லாக ஜெபிக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

அரண்மனையில் வளர்ந்த பிள்ளை ஒருவர் எல்லாவற்றையும் விட்டார். ஆனால் எளியவர்களின் ஜெபத்தைக் கேலி செய்தபோது மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. படிப்பில்லாத துறவி தலை குனிந்து, மூச்சு விட்டு, ஒரு பெயரைச் சொல்லி அழைக்கிறான். அந்தக் குரல் கடவுளுக்கு எட்டும் என்று நிலைநாட்டவே அவர் பாடுபட்டார்.

அரச சபையின் நடுவே தகப்பனார் செய்த ஜெபத்தை, உழுகிறவனும் சமைக்கிறவளும் தங்கள் வேலையின் நடுவே செய்யலாம் என்று மகன் காட்டிவிட்டார். அதற்குப் பணம் வேண்டாம், படிப்பு வேண்டாம். பிறந்தவுடன் ஆண்டவர் கொடுத்த மூச்சு ஒன்று போதும்.